இனம் தெரியாதவள்

மேகம் வந்து முட்டும் மலைகளுக்கு நடுவே, முன்னொரு காலத்தில், வேங்கைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைச் சேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். மனிதர்கள் மட்டுமா அவனுக்குக் குடிகள்? ஆகாயத்தில் சிறகர், ஆற்றுக்கடியில் நாகர், குகைகளில் பூதர் என்று விதவிதமாக வாழ்ந்தார்கள்.

ராஜாவுக்கு நினைத்தது உடனே நடக்கவேண்டும். ஒருநாள் குடிகளை இனம் பிரித்துவைக்க ஆசை வந்தது. வேலையைச் சபையில் இருந்த வச்சிரநாதரிடம் கொடுத்தான். அமைச்சர் காரிக்கண்ணியின் ஆசனத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர். சிறகிருந்தால் சிறகர், செதிலிருந்தால் நாகர், கொம்பிருந்தால் பூதர், எதுவுமில்லாவிட்டால் மனிதர் என்று பிரித்தார். "இவற்றில் ஒன்றில் அடங்காதவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும்" என்று ஓர் ஆணையும் வாங்கிக்கொண்டார்.

சில நாளில் காவலர்கள் ஒருத்தியைச் சபைக்கு அழைத்துவந்தார்கள். பனிமலை சரிந்துபோனதால் பிள்ளைகுட்டிகளோடு இறங்கிவந்த கூட்டத்துக்குத் தலைவி. பெயர் ஊழி.

அவள் சிறகை விரித்தாள். சாளரங்கள் மறைந்தன. இருண்ட மண்டபத்தில் அவள் கழுத்துச் செதில்கள் நட்சத்திரக் கூட்டம்போல மினுங்கின. நெற்றியில் ஒற்றைக் கொம்பு. கைகள் மட்டும் நம்முடையவை போலவே இருந்தன. காரிக்கண்ணிக்கு மூச்சுவிடவே மறந்துபோயிற்று.

"இது எதிலும் அடங்காது, அரசே. பாலைவனத்துக்கு அனுப்பிவிடலாம்" என்றார் வச்சிரநாதர்.

காரிக்கண்ணி எழுந்தாள். "அரசே, சபையில் எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள். தங்கள் சாயல் இவளிடம் தெரிகிறவர்கள் இவள் பக்கம் போய் நிற்கட்டும்."

"ஒருவரும் போகாவிட்டால்?" என்றான் ராஜா.

"நானும் இவளோடு பாலைவனத்துக்குப் போகிறேன். என் ஆசனம் வச்சிரநாதருக்கு."

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் சிறகர் தூதுவன் தயங்கித் தயங்கி வந்து, ஊழியின் இறகு ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். "எங்கள் இறகுதான்" என்று முணுமுணுத்து அவளருகே நின்றுகொண்டான். நாகர்கள் வந்தார்கள். பூதத் தளபதி தரை அதிர நடந்துவந்து, கொம்புக்கு முன் தலை குனிந்தான். மனிதர்கள் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டே கூட்டமாக நகர்ந்தார்கள். ராஜாவும் சிம்மாசனத்திலிருந்து இறங்கிவந்தான். தன் உள்ளங்கையை அவள் உள்ளங்கையோடு சேர்த்துவைத்தான். ரேகைகள்கூட ஒத்திருந்தன. அவன் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் வச்சிரநாதர் மட்டும் தனியே நின்றிருந்தார்.

"இவள் எல்லா இனத்திலும் சேர்ந்துவிட்டாள், அரசே" என்றாள் காரிக்கண்ணி. "சேராதவர் ஒருவர்தான் மிச்சம். ஆணை அவருக்கும் பொருந்துமல்லவா?"

வச்சிரநாதர் பின்வாங்கித் தூணோடு ஒட்டிக்கொண்டார்.

அப்போதுதான் ஊழி முதன்முதலாகப் பேசினாள். "அவர் பயந்திருக்கிறார். நாங்களும் பயந்துதான் இங்கே வந்தோம். அந்தச் சாயல் போதாதா? இங்கே வரச்சொல்லுங்கள்."

ராஜா அந்த ஆணை எழுதிய ஓலையை அங்கேயே கிழித்தான். காரிக்கண்ணியைத் தன் ஆசனத்துக்குச் சமமாக உட்காரவைத்தான். ஊழியின் கூட்டத்துக்கு வடக்கு மலைச்சாரலைக் கொடுத்தான். அவர்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தும் வேலையை வச்சிரநாதருக்கே கொடுத்தான்.

கோட்டை வாசலைத் தாண்டும்போது வெயில் கொளுத்தியது. ஊழி ஒரு சிறகை மெல்ல விரித்தாள். அதன் நிழலில், தலை குனிந்தபடி, வச்சிரநாதர் நடந்துபோனார்.