முந்நூற்றுப் பதினெட்டாம் உறை

“பதினொண்ணு இருக்குதுங்க அம்மிணி. ஒண்ணுதான் குறையுது. அந்த ஒண்ணு உங்ககிட்டத்தான் இருக்குது.”

வாத்தியாரம்மா ஆம்ப்ளிஃபயரின் மேல் படிந்திருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தார்.

“எதுங்க ஐயா?”

“மந்தாரா. எழுபத்தொண்ணு, ஜூலை.”

“கடம் வாசிக்கிற படமா?”

“அதேதானுங்க.”

நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பத்திரிகைகளில் வந்த ஹைஃபை ஸ்பீக்கர் விளம்பரங்களைச் சேர்க்கிறார். ஸ்பீக்கரைச் சேர்க்கவில்லை, விளம்பரத்தை மட்டும்தான். அவர் வீட்டில் பாடுவதற்கு இருப்பது ஒரே ஒரு ரேடியோ. அதுவும் தலையில் தட்டினால்தான் வாய் திறக்கும்.

ஊரார் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எழுநூற்று நாற்பத்திரண்டு பக்கங்கள் வைத்திருக்கும் மனிதர் தமிழ்நாட்டில் வேறு யாரும் இல்லை. அது அவருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

மந்தாரா கம்பெனி 1971-இல் மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு விளம்பரங்கள் போட்டது. ஒவ்வொன்றிலும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியம். ஜனவரிக்குத் தவில், பிப்ரவரிக்கு வீணை, இப்படியே போகும். பன்னிரண்டும் ஒரே கையில் சேர்ந்ததாக இதுவரை யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

அப்படிச் சொல்லிக்கொள்ளும் முதல் ஆளாக நாச்சிமுத்து இருக்க ஆசைப்பட்டார். சாதாரண ஆசையில்லை. சோறு இறங்காத ஆசை.

வாத்தியாரம்மாவுக்கு வயது முப்பத்தொன்பது. பெயர் தெய்வானை. சத்தியமங்கலத்தில் மைக் செட் கடை வைத்திருக்கிறார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் பழைய காகிதம் சேர்க்கிறவர்கள் எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மாதான்.

நாச்சிமுத்துவுக்கும்தான். ஆறு வருடங்களுக்கு முன்னால் அவர் மைதாப் பசை தடவி நாற்பது விளம்பரங்களை அட்டையில் ஒட்டி, ராமபாணப் பூச்சிகளுக்கு விருந்து வைத்தவர். துருப்பிடித்த பின்னைக் கிழியாமல் எடுக்கவும், பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைக்கவும், ஒவ்வொன்றையும் கண்ணாடி உறையில் போட்டு எண் எழுதவும் கற்றுக்கொடுத்தவர் வாத்தியாரம்மாதான்.

தன் மகள் வயசுக்காரியிடம் பாடம் கேட்டதை நாச்சிமுத்து ஒருநாளும் மறைத்ததில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

“ஜூலைய நான் தர்றேனுங்க” என்றார் வாத்தியாரம்மா. “வழக்கம் தெரியுமல்ல?”

“தெரியுமுங்க.”

வழக்கம் இதுதான். அவரிடம் ஒரு காகிதம் வாங்குகிறவர் தன் சேகரம் முழுவதையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைக்க வேண்டும். அதிலிருந்து ஒன்றே ஒன்றை அவர் எடுத்துக்கொள்வார். எடுத்ததைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டுவார். கீழே கொடுத்தவரின் பெயரும் ஊரும் இருக்கும்.

சுவரில் அதுவரை பதினான்கு பேர்.

“முழுசாக் கொண்டாங்க” என்றார் வாத்தியாரம்மா.

“முழுசாத்தானுங்க” என்றார் நாச்சிமுத்து.

முழுசாக அவர் கொண்டுபோகவில்லை.

முந்நூற்றுப் பதினெட்டாம் எண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டார். பீரோவின் உள்ளறையில், நிலப் பத்திரத்துக்கு அடியில்.

அது 1969 மார்ச் மாதத்து மந்தாரா. அச்சகத்தில் பெட்டிப் படத்தின் அச்சுக்கட்டையை மட்டும் தலைகீழாகப் பூட்டிவிட்டார்கள். ஸ்பீக்கர் பெட்டி தன் நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய பெண் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பாள். அவள் நேராகத்தான் இருப்பாள். கீழே கொட்டை எழுத்தில், ‘இனி உங்கள் வீடே கச்சேரி மேடை’.

சில நூறு பிரதிகள் ஓடிய பிறகுதான் யாரோ பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். மிச்சப் பிரதிகளில் பெட்டி ஒழுங்காகக் காலூன்றி நின்றது. தலைகீழ்ப் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றுதான் சேகரிப்பவர்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்துவிடம் அது வந்து ஒன்பது வருடம் ஆகிறது. யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கும் தெரியாது.

காட்டினால் வாத்தியாரம்மா அதைத்தான் எடுப்பார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எல்லாம் சரிதான். ஆனால் மனுஷன் பிறவி ஒழுங்குக்காரர். முந்நூற்றுப் பதினேழுக்கு அடுத்து முந்நூற்றுப் பத்தொன்பது வருவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் பக்கத்தை மட்டும் உருவிவிட்டு, எண் எழுதிய வெற்று உறையை ஆல்பத்தில் அதன் இடத்திலேயே விட்டுவிட்டார்.

எட்டு ஆல்பங்களும் கடை மேசைமேல் ஏறின. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது.

வாத்தியாரம்மா அவசரப்படவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தார். நாச்சிமுத்து ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னார். இது தாராபுரத்தில் ஒரு முடிதிருத்தும் கடைப் பரணில் கிடைத்தது. இது பவானியில் வடை மடித்து வந்தது, எண்ணெய்க் கறை பாருங்கள். இதற்காகத் திருச்சிக்கு மூன்று நடை.

அவருடைய குரல் ஏறிக்கொண்டே போனது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“நல்லா வெச்சிருக்கறீங்க ஐயா” என்றார் வாத்தியாரம்மா. “நான் வெச்சிருக்கறதவிட நல்லா வெச்சிருக்கறீங்க.”

நாச்சிமுத்துவுக்கு அந்த ஒரு சொல்லே போதும், வயிறு நிறைந்துவிட்டது.

முந்நூற்றுப் பதினேழு.

அடுத்தது வந்ததும் வாத்தியாரம்மாவின் விரல் நின்றது. வெற்று உறை. மூலையில் சின்னச் சீட்டு. ‘318. மந்தாரா. மார்ச் 1969.’

நாச்சிமுத்து தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார்.

வாத்தியாரம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மீதி நானூற்றுச் சொச்சத்துக்கும் நாச்சிமுத்து கதை சொன்னார். குரல் மட்டும் பழையபடி ஏறவில்லை.

மூன்று மணிக்குக் கடைசி ஆல்பம் மூடியது.

“எதுங்க எடுத்துக்கறீங்க?”

வாத்தியாரம்மா நான்காவது ஆல்பத்தைத் திறந்தார். வெற்று உறையைக் கழற்றித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“இது.”

“அதுல ஒண்ணும் இல்லீங்களே அம்மிணி!”

“பாத்தனுங்க.”

“வேற எது வேணும்னாலும் எடுங்க. இந்தத் திருச்சி பக்கத்த...”

“ஒண்ணுதானுங்க எடுக்கிறது. எடுத்தாச்சு.”

அலமாரியைத் திறந்து ஜூலை மாதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கடம் வாசிப்பவரின் விரல்கள்கூடக் கலையாமல் இருந்தன.

நாச்சிமுத்து வீடு வந்து சேர்ந்தார். பன்னிரண்டையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பினார். தவில் முதல் மோர்சிங் வரை. ஒரு மாதமும் விட்டுப்போகவில்லை.

கோயம்புத்தூர் ஷாஜகானுக்கு உடனே போன் போட்டார். தீப்பெட்டிப் படம் சேர்க்கிற ஷாஜகான், அந்தச் சுவரில் இருக்கும் பதினான்கு பேரில் ஒருவர்.

“பன்னெண்டும் சேந்துருச்சு பாய்!”

“அட்றா சக்கை! சந்தோஷமுங்க, ரொம்ப சந்தோஷம்!” ஷாஜகான் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு கேட்டார். “அது கெடக்கட்டும். வாத்தியாரம்மா உங்ககிட்ட எதை எடுத்தாங்க?”

நாச்சிமுத்து போனை மறுகாதுக்கு மாற்றினார்.

“ஹலோ? கேக்குதுங்களா? எதை எடுத்தாங்க? என்கிட்ட என்ற மயில் படத்தைத்தான் எடுத்தாங்க. கொடுக்கறப்ப உசிர் போச்சு. இப்ப எவன் வந்தாலும் கூட்டிட்டுப் போயி அதைத்தான் காட்டறேன். எத்தனையோ ஆயிரத்துல அவங்க கண்ணு அதுமேலதான் விழுந்துச்சுன்னு.”

“லைன் சரியில்லீங்க பாய்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பன்னிரண்டு விளம்பரங்களும் கட்டிலில் கிடந்தன. அவர் பீரோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு இருந்தும் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது அவருக்கு. வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சத்தியமங்கலம் போனார். மடியில் ஒரு அட்டைக் கோப்பு. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கடைச் சுவரில் பதினைந்தாவது சட்டம் ஏறியிருந்தது.

உள்ளே வெற்று உறை. மூலையில் அவர் கைப்பட எழுதிய சீட்டு. கீழே: ‘நாச்சிமுத்து, ஈரோடு.’

பார்த்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

“நேத்து ஒண்ண மறைச்சுப்போட்டனுங்க அம்மிணி.”

“தெரியுமுங்க.”

“எப்படிங்க?”

“எழுநூத்தி நாப்பத்தொரு சீட்டுல நீல மையிங்க. இது ஒண்ணுல மட்டும் சிவப்பு. இல்லாத காயிதத்துக்கு ஆராச்சும் தனி மை போடுவாங்களா?”

நாச்சிமுத்து கோப்பைத் திறந்தார். பக்கத்தை வெளியே எடுத்தார்.

வாத்தியாரம்மா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியின் நான்கு கால்களையும் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க யாரால் முடியும்?

“இருக்குதுங்களா இது!” என்றார். “நெசமாவே இருக்குதுங்களா!”

“எடுத்துக்குங்க.”

“எடுக்க வேண்டியத நேத்தே எடுத்துட்டனுங்க. உறை என்னுது. காயிதம் உங்களுது. வெச்சாலும் உங்க இஷ்டம், வெக்காட்டியும் உங்க இஷ்டம்.”

சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பலகையைக் கழற்றி, மேசைமேல் வைத்துவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

நாச்சிமுத்து பக்கத்தை உறையின் வாய்வரை கொண்டுபோனார். கை நின்றுவிட்டது.

“வெளிச்சம் பட்டா மங்கிருமுங்களே.”

“மங்குமுங்க.”

“பீரோவுல இருந்தா மங்காது.”

“மங்காதுங்க.” வாத்தியாரம்மா ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். “ஆருக்கு மங்காம இருக்குமுங்க?”

நாச்சிமுத்து பக்கத்தை உறைக்குள் தள்ளினார். பின்பலகையை அவரே பூட்டினார். ஸ்டூல்மேல் ஏறி அவரே மாட்டினார். சாய்ந்திருக்கிறதா என்று இறங்கி வந்து பார்த்து, மறுபடி ஏறிச் சரிசெய்தார்.

மகளின் சீர் விசேஷத்துக்கு மைக் செட் பேச வந்த அம்மாள் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். சுவரைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மறுபக்கம் சாய்த்தார். பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்தே பார்த்துவிட்டார்.

“ஏனுங்க, பொட்டி என்ன கால மேல தூக்கிட்டு நிக்குது! இந்தப் புள்ள பாரு, அது தெரியாம தலையாட்டிட்டு உக்காந்திருக்குது!”

கடையே சிரித்தது.

நாச்சிமுத்துவுக்கு மார்பு விம்மியது. ஒன்பது வருடமாக ஒருவரிடமும் சொல்லாத கதை. கரூரில் இடிக்க இருந்த ஒரு கிளப்புக் கட்டடம். அதில் நனைந்துபோன பத்திரிகைக் கட்டு. கடைசிக்கு முந்தைய இதழ். ஒன்றுவிடாமல் சொன்னார். கட்டையைத் தலைகீழாகப் பூட்டிய ஆளையும் சொன்னார். பார்த்துக் கத்திய ஆளையும் சொன்னார். நேரில் நின்று பார்த்தவர்போலச் சொன்னார். மைக் செட் பேச வந்ததை அந்த அம்மாள் மறந்தே போனார்.

“ஊருலயே இது ஒண்ணுதானுங்களா?”

“உலகத்துலயே இது ஒண்ணுதானுங்க.”

“அப்ப நல்ல வெலை போகுமே. விக்கறதுக்குங்களா?”

“இல்லீங்க” என்றார் நாச்சிமுத்து. “பாக்கறதுக்கு.”