வலது ஓரத்து மேடு

"மேடு போகவே மாட்டேங்குது மேடம்," என்றார் பெர்க்மான்ஸ்.

முப்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையை மகளிடம் கொடுத்துவிட்டு, லேசரால் அளக்கும் கருவி ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று மலைமேல் இருந்த அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஜெசிந்தா மேடம்தான் குரு. சிஷ்யரைவிடப் பதினெட்டு வயது சின்னவர்.

"எந்த மேடு?"

"என் கருவியோட கண்ணாடியில, வலது ஓரத்துல. தலைமுடியை ஆயிரமா வகுந்தா அதுல ஒரு பங்கு."

"தேய்ச்சீங்களா?"

"பதினோரு நாளா! தேய்ப்பேன், மாட்டுவேன், லேசரைப் போட்டுப் பாப்பேன். முதல் பந்தியில இடம் பிடிச்ச மாமா மாதிரி அங்கேயே உக்காந்திருக்கு. திங்கக்கிழமை மூணு பேர் பரிசோதிக்க வராங்க. கண்ணாடி சமமா இல்லைன்னா என் கருவியை ஏத்துக்கவே மாட்டாங்க மேடம்."

"எங்க நின்னு பாப்பீங்க?"

"பக்கத்துலயேதான். கண்ணை எடுக்கறதே இல்ல."

ஜெசிந்தா எழுந்தார்.

இருட்டறை. திரையில் லேசர் போட்ட சிவப்புக் கோடுகள். கண்ணாடி சமமாக இருந்தால் நேராக நிற்க வேண்டியவை. பெர்க்மான்ஸ் போய் வழக்கம்போல வலப்பக்கம், தொப்பை மேசையில் படும்படி நின்றுகொண்டார். வலது ஓரக் கோடுகள் மட்டும் வளைந்தன.

"இடப்பக்கம் வாங்க சார்."

வந்தார்.

சற்று நேரத்தில் வலது கோடுகள் நிமிரத் தொடங்கின. இடது கோடுகள் வளைந்தன.

"ஐயோ, இங்கயும் ஒண்ணு இருக்கு!"

"திரும்ப அந்தப் பக்கம் போங்க."

போனார். மேடும் கூடவே போனது.

பெர்க்மான்ஸ் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார்.

"உங்க உடம்புச் சூடு சார். ஒளி போற வழியில காத்து சூடாயிடுது. அது கண்ணாடியில மேடு மாதிரி தெரியுது."

"அப்ப கண்ணாடியில மேடே இல்லையா?"

"முதல் நாள் இருந்திருக்காது."

"இப்ப?"

ஜெசிந்தா லேசரை அப்படியே ஓட விட்டார். அவரை வெளியே அழைத்து வந்து கதவைச் சாத்தினார். உள்ளே தெரியும் அதே கோடுகளைக் காட்டும் திரை ஒன்று நடைக்கூடத்திலும் இருந்தது. அதன் முன்னால் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார்கள்.

கோடுகள் ஒவ்வொன்றாக அடங்கின. எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி நேராக நின்றன. வலது ஓரத்தில் மட்டும் வளைவு. இந்தத் தடவை எதிர்த்திசையில்.

"பள்ளம்," என்றார் பெர்க்மான்ஸ்.

"நல்ல ஆழம். பதினோரு நாள் உழைப்பாச்சே."

பெர்க்மான்ஸ் எழுந்து இருட்டறைக் கதவுப்பிடியில் கை வைத்தார்.

"சுத்தி இருக்கறதைத் தேய்ச்சு இறக்கிடறேன். திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன். ஆனா சரியாச்சான்னு பக்கத்துல போய்ப் பாக்காம எப்படி மேடம் நம்பறது?"

ஜெசிந்தா கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நம்ப வேண்டாம் சார். தேய்க்க மட்டும் திறந்து விடறேன். தேய்ச்சதும் நாப்பது நிமிஷம் வெளியில இருங்க, போதும்."