கல்லில் அரசர், மண்ணில் ஊர்

மருதவளநாட்டில் ஒரு விசேஷம். வழி தெரிந்தவன்கூட அங்கே வழிகாட்டிக் கல்லைப் பார்த்தால் வழி தவறிவிடுவான்.

முச்சந்திக்கு முச்சந்தி அந்தக் கற்களை நட்டவர் கல்லதிகாரி வித்தகராயர். அரசர் பெயரால் எதைப் பொறித்தாலும் முதலில் அவருடைய மெய்க்கீர்த்தியை, அதாவது புகழ்மாலையைப் பொறிக்க வேண்டும் என்பது நாட்டு வழக்கம். ராயர் அதில் ஓர் எழுத்தையும் விடவில்லை. பகைவர் நடுங்கியது, கடல் பின்வாங்கியது எல்லாம் வந்தது. எந்த ஊருக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் கல்லின் அடியில் போய் உட்கார்ந்தது. கல் சாயாமல் நிற்க முழங்கால் ஆழம் புதைக்க வேண்டாமா? புதைத்தார்கள். ஊர்ப்பெயர் மண்ணுக்குள் போயிற்று. ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. பெரிய இடத்து வேலை அப்படித்தான் நடக்கும்.

சடையன் என்ற உப்பு வண்டிக்காரன் அரசரின் வீரத்தைப் படித்துப் படித்து, வடக்கே போக வேண்டியவன் தெற்கே போனான். திரும்பி வந்து, பொறுமை போய், கடப்பாறையால் கல்லின் அடியைத் தோண்டிப் பார்த்தான். காவலர் அவனைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"மகாராஜா, தங்கள் புகழ் பொறித்த கல்லைப் பெயர்க்கப் பார்த்தான். கையை வெட்ட வேண்டும்" என்றார் ராயர்.

"பேரூருக்கு எந்தப் பக்கம்னுதான் பார்த்தேன் சாமி. கை போனா மாட்டை எதால ஓட்டுவேன்?" என்றான் சடையன்.

"அவ்வளவு எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா?" என்று கேட்டார் அரசர்.

"படிச்சேன் சாமி. நீங்க கடலைத் துரத்துனது தெரிஞ்சுது. ஊருதான் தெரியல."

அரசர் முகம் கறுத்தது. "வெட்டுங்கள்" என்றார்.

அரசவை விகடன் வெண்காடனுக்கு வயிறு எரிந்தது. ஊரைப் புதைத்த மடையன் பட்டு கட்டிக்கொண்டு நிற்கிறான், தேடியவனுக்குக் கை போகிறதா? நேரே கேட்டால் தன் தலை போகும். சுற்றுமுற்றும் பார்த்தான். அரசரின் பட்டுச் சால்வை முனை தரையில் கிடந்தது. அரியணையடியில் ஓர் அகல்விளக்கு. ஒன்றும் தெரியாதவன் போல வணங்கிக் குனிந்து, விளக்கைச் சால்வையோரம் நகர்த்தினான்.

"அரசே, அவசரமாக ஒரு விஷயம்."

"சொல்."

வெண்காடன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "வையம் அனைத்தும் வெண்குடை நிழற்ற, பகைவர் முடிகள் பாதம் தாங்க..."

மெய்க்கீர்த்தி ஓதினால் சபை முழுக்கக் கண்ணை மூடிக் கைகூப்ப வேண்டும். கூப்பினார்கள். நெய்ப்பொங்கல் தொண்டையில் இறங்கியதுபோல அரசரும் கண்ணை மூடிக்கொண்டார். சால்வை புகைந்தது.

"களிறுகள் கவர்ந்து, கடலைத் துரத்தி..."

"என்ன நாற்றம்?"

"அதற்குத்தான் வருகிறேன் அரசே. வடபுலம் வணங்க, தென்புலம் திறைதர..."

சூடு முழங்காலை எட்டியது. அரசர் துள்ளி எழுந்து, சால்வையை உதறி எறிந்து மிதித்தார். "மடையா! சால்வை பற்றி எரிந்தால் முதலில் அதைச் சொல்லத் தெரியாதா?"

"சொல்லத்தான் வந்தேன் அரசே. ராயரின் முறைப்படி விஷயம் கடைசியில் வரும். அதற்குள் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். சடையனும் அப்படித்தான் அவசரப்பட்டான்."

அரசர் கருகிய சால்வையைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். ராயர் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. சடையனை விடுவித்தார். எரியாத பாதிச் சால்வையை வெண்காடனுக்குப் பரிசளித்தார். எல்லாக் கற்களையும் ராயரே தோண்டியெடுக்க வேண்டும் என்றார்.

"இனி ஊர்ப்பெயர் மேலே. என் புகழ் அடியில், மண்ணுக்குள்."

பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "வெண்காடா, அப்போதும் எவனாவது தோண்டினால்?"

"அந்தக் கவலையே வேண்டாம் அரசே. ஊரைத் தேடித்தான் தோண்டுவார்கள். இதைத் தேடி ஒருவனும் தோண்ட மாட்டான்."

அரசர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.