ஆவுடையின் முகவரி

"பேரைச் சரியாத்தாம்மா அடிக்கேன். பக்கம்தான் தொறக்க மாட்டேங்கு" என்றார் சிவசைலம்.

தையல்நாயகி தலையை நிமிர்த்தவில்லை. மலையடிவாரத்து மடத்தில் இணையப் பெயர்களின் வித்தையைக் கற்றுத் தருபவள் அவள். சீடரான சிவசைலத்துக்கு அவளைவிட இருபது வயது கூட. அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

"யார் பேரு?"

"எம் மக பேரு. ஆவுடை."

சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவம், வருஷக்கணக்காக அவர் வாயில் வராத பெயர் அது.

மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றைக்கே, இந்த வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று மனைவி பகவதியிடம் சொல்லிவிட்டார். மனைவி வாயை மூடிக்கொண்டாள். சொன்னவரால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

ஆவுடை தன் பெயரிலேயே ஓர் இணையப் பக்கம் வைத்து, படம் வரைந்து போட்டு வந்தாள். ஆவுடை, ஒரு புள்ளி, அப்புறம் 'இன்'. தினமும் காலையில் திருட்டுத்தனமாக அங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குக் காப்பி இறங்கும். தாத்தாவான சேதியே அங்கிருந்த தொட்டில் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அந்தப் பக்கம் போன மாதம் நின்றுபோனது.

மனுஷர் விடவில்லை. 'இன்' இருந்த இடத்தில் 'காம்' போட்டார். ஒரு புடவைக் கடை திறந்தது. 'நெட்' போட்டார். யாரோ ஜோசியர் சிரித்தார். 'ஆர்க்' போட்டார். ஆளே இல்லை. புள்ளிக்குப் பின்னால் வரும் வால் மாறினால் குடியிருப்பவரும் மாறிவிடுவார் என்பது அவர் படித்த முதல் பாடம். தெரிந்து என்ன செய்ய, பெற்ற மனசு கேட்கவில்லை.

"நீங்க நெனச்சா கண்டுபிடிச்சிரலாமே, அம்மா."

"கண்டுபிடிச்சிரலாம்" என்றாள் தையல்நாயகி. "முதல்ல நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. ஒரு பேரை அடிச்சா கம்ப்யூட்டர் யார்கிட்ட போய் நிக்கும்?"

"எல்லாத்துக்கும் உச்சியில இருக்கவர்கிட்ட."

"அவருக்கு ஆவுடையத் தெரியுமா?"

"தெரியாது. 'இன்' யார் பொறுப்புன்னு மட்டும் தெரியும். அங்க அனுப்புவாரு."

"அங்க தெரியுமா?"

"அவங்களுக்கும் வீடு தெரியாது. ஆவுடைங்கிற பேரைக் கவனிக்கிறது யாருன்னு கைகாட்டுவாங்க. அவங்கதான் வீட்டச் சொல்லுவாங்க."

"கேட்டதும் சொல்லிருவாங்களா?"

"தயங்காமச் சொல்லுவாங்க. ஆனா கேக்கணும். கேக்காம ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

தையல்நாயகி கம்ப்யூட்டரை மூடினாள். மேஜைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவசைலம் வீட்டு எண்ணை அழுத்தினார். பகவதி எடுத்தாள். சாப்பிட வர நேரமாகுமா என்று கேட்டாள்.

"பகவதி." செருமிக்கொண்டார். "ஆவுடை எங்க இருக்கா? அவ பக்கத்தக் காணமே."



"அது தானா நிக்கல. அவதான் நிப்பாட்டிட்டா" என்றாள் பகவதி. "நம்ம ஊர்லருந்து யாரோ தெனமும் காலைல வந்து பாத்துட்டுப் போறது, பக்கத்துக்கு வர்றவங்க கணக்குல அவளுக்குத் தெரியுமாம். அப்பாதான்னு அவளுக்கு நிச்சயம். அதக் காணலன்னாலாவது வாயத் தொறந்து என்னையப் பத்திக் கேக்காரான்னு பாப்போம், அம்மான்னு சொன்னா."