முப்பதடிக் கயிறு

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்து நாடு ஒன்றைக் காட்டுத்தீ என்றாலே நடுங்கும் அரசர் ஒருவர் ஆண்டு வந்தார். ஒரு மாசியில் மலையுச்சியில் புகையைக் கண்டவுடன் ஆணை போட்டார். காட்டோரத்து வீடுகளைச் சுற்றி முப்பதடிக்குக் காய்ந்த புல் இருக்கக் கூடாது. இருந்தால் வீடு இடிக்கப்படும்.

நல்ல ஆணைதான். ஆனால் வன அமைச்சர் காடவராயரின் பழைய ஆணை ஒன்றும் இருந்தது. வாசலுக்குப் பத்தடி தள்ளியே அரசரின் புல்வெளி தொடங்கிவிடும். அதில் அரிவாள் வைத்தால் கை வெட்டப்படும். ஆக, புல்லை அறுத்தால் கை போகும், அறுக்காவிட்டால் வீடு போகும். புது ஓலை எழுதும்போது பழைய ஓலையைப் படிக்கிற வழக்கம் அந்த நாளிலேயே கிடையாது.

காட்டோரத்தில் ஓட்டு வீட்டில் வாழ்ந்த மருத்துவச்சி பஞ்சவர்ணம், அரசவை விகடர் ஆவுடையப்பனிடம் வந்து அழுதாள்.

"கையக் குடுக்கறதா, வீட்டக் குடுக்கறதா சாமி? இந்தக் கையாலதான் ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் எடுத்தேன்."

மறுநாள் அவையில் ஆவுடையப்பன் இதைச் சொன்னதும் அரசரின் முகம் கறுத்தது. தன் தவறைச் சபையில் கேட்க எந்த அரசருக்குத்தான் பிடிக்கும்? விகடர் மேல் நெடுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த காடவராயர் எழுந்தார்.

"பிரபு, இரண்டு ஆணையும் மாறாது. விகடர் அவ்வளவு கெட்டிக்காரர் என்றால், நாளை சூரியன் மறைவதற்குள் அவரே அந்தப் புல்லை அகற்றட்டும். அரிவாளும் நெருப்பும் கூடாது. தவறினால் அவள் வீட்டோடு இவர் கையும் போகட்டும்."

கோபத்தில் இருந்த அரசர் சரி என்றுவிட்டார். ஆடு மாடு மேயலாமா என்று ஆவுடையப்பன் பணிவாகக் கேட்டார்.

"அரசரின் குதிரைகளைத் தவிர வேறெந்த வாயும் அந்தப் புல்லில் படக் கூடாது" என்றார் காடவராயர்.

அதை எழுதித் தரும்படி விகடர் வேண்டினார். ஆட்டுக்கு வழியை அடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அமைச்சர் எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

விடிந்ததும் அந்த ஓலையை லாயத் தலைவரிடம் காட்டி, ஆவுடையப்பன் இருபது குதிரைகளை ஓட்டி வந்தார். பஞ்சவர்ணத்தின் வீட்டைச் சுற்றிச் சுவரோரமாக முளையடித்து, ஒவ்வொன்றையும் முப்பதடிக் கயிற்றில் கட்டினார். அவை மேயத் தொடங்கின. நடுப்பகலில் தீ மலைமுகட்டைத் தாண்டியது. புகை நெடி பட்டதும் குதிரைகள் மிரண்டு புல்லை விட்டுத் தலையைத் தூக்கின. பஞ்சவர்ணம் ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவி மறுபடி குனிய வைத்தாள். ஆவுடையப்பன் தன் வலக்கையை அடிக்கடி பார்த்துக்கொண்டார். அன்று முழுதும் அவர் வாயில் ஒரு விகடமும் வரவில்லை.

மாலையில் காடவராயர் கை வெட்டும் தண்டனைச் சேவகனோடு வந்தார். லாயத்தில் தன் குதிரை இல்லாததால் அரசர் பல்லக்கில் வந்தார். வீட்டைச் சுற்றி வெறும் தரைதான் இருந்தது. புல்லைத் தொட்டவன் யார் என்று அமைச்சர் அதட்டினார். விகடர் அந்த ஓலையை அரசரிடம் நீட்டினார்.

அரசர் படித்து முடிப்பதற்குள் காற்று திரும்பியது. தீ சரிவில் இறங்கிப் புல்வெளியைப் பிடித்துக்கொண்டது. ஓட வழியில்லை. அந்த வெளி முழுவதிலும் புல் இல்லாத இடம் அது ஒன்றுதான். அரசர், அமைச்சர், தண்டனைச் சேவகன், பல்லக்குத் தூக்கிகள், குதிரைகள் என எல்லோரும் பஞ்சவர்ணத்தின் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அனல் முகத்தில் அடித்தது. கயிறு எட்டிய இடம்வரை வந்த தீ, தின்ன ஏதுமில்லாமல் விலகிப் போய் ஓடைக்கரையில் அடங்கியது.

அப்போதுதான் அரசர் திரும்பிப் பார்த்தார். காடவராயர் தரையில் உட்கார்ந்து, வீட்டுத் தூணை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

"அமைச்சரே, இந்த வீட்டை இடிப்போமா?" என்று கேட்ட அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பழைய ஆணை இனிச் செல்லாது என்று அங்கேயே அறிவித்தார். பிறகு தன் பொற்காப்பைக் கழற்றி, காப்பாற்றிக்கொண்ட அந்த வலக்கையிலேயே போட்டுக்கொள்ளும்படி ஆவுடையப்பனிடம் தந்தார்.

விகடர் அதைப் பஞ்சவர்ணத்தின் கையில் போட்டுவிட்டு, இனி மாசிதோறும் காட்டோரத்து வீடுகளுக்கெல்லாம் குதிரை அனுப்பினால் போதும் என்றார். அனுப்ப அரசர் ஒப்புக்கொண்டார். கூடவே, கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பைக் காடவராயருக்குக் கொடுத்தார்.