தலை நிமிராத ஆடு

கருங்காட்டு ஜமீன்தார் தன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்கே கறிச்சோறு போடுவதாகச் சொல்லிவிட்டார். ஆடு வாங்கத்தான் மனசு வரவில்லை. ஊர் எல்லையில் சடைச்சி என்பவள் இருநூறு ஆடு மேய்த்தாள்; அத்தனையும் காக்கைக் கறுப்பு. ஜமீன்தார் தன் கறுப்பாடு ஒன்றை வேலைக்காரன் மாடனிடம் கொடுத்து, அந்த மந்தைக்குள் விடச் சொன்னார். பிறகு பல்லக்கில் வந்து இறங்கினார்.

"என் ஆடு உன் மந்தையில நிக்குது. இந்த வெத்தலையை நான் துப்புறதுக்குள்ள அது எதுன்னு காட்டு. காட்டலேன்னா நீ திருடி. மந்தை மொத்தமும் எனக்கு."

ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொழுது சாய்ந்துவிடும். ஜமீன்தாருக்கே தன் ஆடு எதுவென்று தெரியவில்லை.

சடைச்சி ஒரு ஆட்டையும் பார்க்கவில்லை. தினமும் தண்ணீர் காட்டக் கூப்பிடுவதுபோல நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தாள்.

இருநூறு தலைகளும் சட்டென்று அவள் பக்கம் நிமிர்ந்தன. நடுவில் ஒன்று மட்டும் குனிந்தபடியே மேய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் நின்ற பல்லக்குத் தூக்கிகள் கண்ணுக்கே அது பளிச்சென்று தெரிந்தது.

"அதேதான் எசமான்," என்றான் மாடன், உற்சாகம் தாங்காமல். "காலையில நான் விட்ட ஆடு."

ஜமீன்தார் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"அரண்மனையில வளந்த ஆடு சாமி," என்றாள் சடைச்சி. "அடுத்தவங்க புல்லுல வாய வச்சிட்டா, யாரு கூப்பிட்டாலும் தலைய நிமித்தாது."