மகாராஜாவின் மைலேஜ் தைலம்

மருதவனம் சமஸ்தானத்தில் மோட்டார் கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மோட்டார் நிபுணரும் ஒருவரே. அவர்தான் மகாராஜா பூபதி மாறன். காரின் முன்மூடியை அவர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. அதனால் அவருக்குச் சந்தேகம் என்பதே எழுந்ததில்லை.

வழக்கமான சுற்றுப்பயணங்களில் அந்தக் கார் ஒரு காலன் பெட்ரோலுக்குப் பன்னிரண்டு மைல் ஓடும். இது போதாது என்று மகாராஜாவுக்குத் தோன்றியது. கற்பூரத்தையும் விளக்கெண்ணெயையும் ஏதோ பச்சிலைச் சாற்றையும் கலந்து, தாமே அடுப்படியில் நின்று காய்ச்சினார். "மைலேஜ் தைலம்" என்று பெயர் வைத்தார். ஒரு கரண்டியைப் பெட்ரோலில் ஊற்றி, ஏரிக்கரைச் சாலையில் நிற்காமல் சுற்றி வந்தார். காலனுக்குப் பதினாறு மைல்!

சபை கைதட்டியது. மாட்டு வண்டிக்கும் ஊற்றிப் பார்க்கலாம் என்றார் ஒருவர். அரண்மனை வைத்தியர் தம் முழங்காலுக்கு ஒரு கரண்டி கேட்டார்.

அடுத்த வாரம் ஏழு ஊர்ச் சுற்றுப்பயணம். நாற்பத்தெட்டு மைல். தைலம் ஊற்றியாயிற்று, மூன்று காலன் செலவாக வேண்டும். நான்கு காலன் செலவாகியிருந்தது.

திவான் அம்பலவாணர் தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, தங்கள் தைலம் பொய் சொல்லாது. அப்படியானால் ஒரு காலன் எங்கே போயிற்று? டிரைவர் சூசைதான் திருடி விற்றிருக்கிறான்."

"எசமான், ஒரு சொட்டுகூட நான் எடுக்கலீங்க!" என்று சூசை கதறினான்.

"தைலம் சொல்வதை நம்புவதா, நீ சொல்வதை நம்புவதா?" என்றார் மகாராஜா. "வேலையும் போயிற்று, ஆறு மாதம் சிறையும் உண்டு!"

அவைப்புலவர் குழைக்காதர் எழுந்தார். "மகாராஜா, தண்டனை கொஞ்சம் பொறுக்கட்டும். சூசையே ஓட்ட, அதே ஏழு ஊருக்கு இன்னொரு முறை போவோம். திவானே பெட்ரோலை அளக்கட்டும். தைலம் ஊற்றியதும் டாங்கியைப் பூட்டிச் சாவியையும் வைத்துக்கொள்ளட்டும். தைலம் மட்டும் என் பொறுப்பு. திருடனை நான் பிடித்துத் தருகிறேன்."

"பிடிக்காவிட்டால்?" என்றார் திவான்.

"சூசைக்குப் பக்கத்து அறையை எனக்கு ஒழித்துவையும். கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கட்டும்."

ஏழு ஊர் வரவேற்பு மறுபடியும் கிடைக்கும் என்றால் மகாராஜாவுக்குக் கசக்குமா? சம்மதித்து, முத்திரையிட்ட தைலப் புட்டி ஒன்றைப் புலவரிடம் கொடுத்தார்.

புலவர் நேரே கார்க் கொட்டகைக்குப் போனார்.

"சூசை, நிஜத்தைச் சொல். பெட்ரோல் எங்கே போகிறது?"

"நிக்கிற வண்டியும் குடிக்கும், சாமி! ஒவ்வொரு ஊர்த் தோரணத்திலயும் ஆரத்தி, மேளம், வரவேற்புப் பத்திரம்னு அரை மணி நேரம். அவ்வளவு நேரமும் இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும்."

"நிறுத்தவேண்டியதுதானே?"

"உத்தரவு வரணுமே! மகாராஜா எதிர்ல 'அணை'ங்கிற சொல்லே வரக்கூடாது, அபசகுனம்னு சட்டம். அதனால 'இன்ஜினை அணை'ன்னு யாரும் சொல்றதில்லை. சொல்லாம நான் அணைச்சா என் தலை போயிடும்."

புலவர் தலையாட்டினார். "சரி, நாளை நான் ஒரு சொல் சொல்வேன். கேட்டதும் நிறுத்து."

மறுநாள் காலை மகாராஜாவும் திவானும் காரில் ஏறினார்கள்.

"புலவரே, தைலம் ஆயிற்றா?" என்றார் மகாராஜா.

"வண்டியில் இருக்கிறது, மகாராஜா."

முதல் ஊரின் தோரணம் வந்தது. மேளம் முழங்கியது. புலவர் குரல் கொடுத்தார்: "சூசை, மலையேற்று!"

இன்ஜின் நின்றது.

"என்ன ஓய், இங்கே ஏது மலை?" என்றார் மகாராஜா.

"பூஜையறை விளக்கைக் குளிரவைப்பதை அப்படித்தானே சொல்வோம், மகாராஜா? விளக்குக்குத் தரும் மரியாதையை இன்ஜினுக்கும் தந்தேன்."

அதில் ஏதாவது அபசகுனம் கிடைக்குமா என்று திவான் யோசித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஏழு ஊரிலும் இன்ஜின் மலையேறியது. ஏழு ஊரிலும் சூசை இறங்கிக் கைப்பிடியைச் சுழற்றி மறுபடி கிளப்பினான்.

மாலையில் அரண்மனை வாசலில் திவான் பூட்டைத் திறந்து, குச்சியை விட்டு அளந்தார்.

"மூன்று காலன்தான் செலவு! பார்த்தீர்களா, மகாராஜா? நான் கூடவே இருந்தேன், இவனால் திருட முடியவில்லை."

"என் தைலம் ஜெயித்தது!" என்றார் மகாராஜா.

புலவர் மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். அதன் வாயில் அரக்கு. அரக்கின்மேல் மகாராஜாவின் முத்திரை. இரண்டும் அப்படியே இருந்தன.

"நீர் இதை ஊற்றவே இல்லையா?"

"வண்டியில் இருக்கிறது என்றுதானே சொன்னேன்? நாள் முழுக்க இருந்தது."

"அப்படியானால் திருடன்?"

"ஏழு தோரணங்கள்தான், மகாராஜா. ஓடாமல் நிற்கும் வண்டிக்கு அங்கேதான் அரை மணி நேர விருந்து. தங்கள் ஏரிக்கரையில் தோரணம் இல்லை, பதினாறு மைல் வந்தது. இன்று இன்ஜினை நிறுத்தினோம், இன்றும் பதினாறு வந்தது."

மகாராஜாவின் மீசை இறங்கியது. "என் தைலம் ஒன்றுக்கும் உதவாது என்கிறீரா?"

புலவர் பதறிக் கைகூப்பினார்.

"அபசாரம், அபசாரம்! மூடியைத் திறக்காமலேயே காலனுக்கு நான்கு மைல் கூட்டிய தைலம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? இதைப் போய் யாராவது பெட்ரோலில் ஊற்றி வீணாக்குவார்களா?"

மகாராஜா அவரை முறைத்தார். புட்டியை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சூசைக்குச் சிறை இல்லை, சால்வை! புலவரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்!"

"எதைக் கொடுத்தாலும் சரி, மகாராஜா. தைலம் மட்டும் வேண்டாம்."